அக்காவுக்கு வந்தால் தங்கைக்கும் வருமா?

எம்.எஸ். நோயின் மரபணுப் பின்னணி குறித்த வாசகர் கேள்விகளுக்கு நரம்பியல் மருத்துவரின் பதில்கள்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், சுருக்கமாக எம்.எஸ்., என்னும் நோயைப் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலையை வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன: இது பரம்பரையாக வருவதா? முன்பின் அறியாதவர்களுக்காக ஒரு விளக்கம். உடலைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு மண்டலமே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் உறையான மயலினைத் தாக்கிச் சிதைப்பதுதான் எம்.எஸ். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகைப் பட்டியலில் ‘தண்டுவட மரப்பு நோய்’ என்று குறிப்பிடப்படுவதும் இதுதான். மூளையும் கண்ணும்கூடப் பாதிக்கப்படுவதால் அந்தப் பெயர் முழுப் பொருத்தமானதன்று என்பது என் கருத்து.

என் அக்காவுக்கு 27 வயதில் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. பிறகு எம்.எஸ். என்று உறுதிசெய்தார்கள். இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். பெண் பார்த்துச் சென்ற வீட்டார், “இது உங்கள் குடும்பத்தில் பரம்பரையா?” என்று தரகர் மூலம் கேட்டனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் என்ன சொல்வது? நானும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

‘பரம்பரை நோய்’ என்னும் ஒரே சொல்லுக்குள் நாம் இரண்டு வெவ்வேறு செய்திகளை அடைத்து வைத்திருக்கிறோம். தலசீமியா, ஹீமோபிலியா போன்றவற்றில் ஒற்றை மரபணுவில் உள்ள பழுதே நோயை உண்டாக்கப் போதுமானது. பெற்றோரைப் பரிசோதித்தால் பிள்ளைக்கு வரக்கூடிய வாய்ப்பைக் கணக்காகச் சொல்லிவிடலாம். எம்.எஸ். அந்த வகையைச் சேர்ந்ததன்று. இதில் குடும்பத்தின் வழியே வருவது நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு சாய்வு மட்டுமே. அந்தச் சாய்வு நோயாக மாறுவதற்கு வைரஸ் தொற்று, புகைப்பழக்கம், வெயில் படாத வாழ்க்கை எனப் பல காரணங்கள் கூடிவர வேண்டும். பெரும்பாலானோருக்கு அவை கூடிவருவதில்லை.

கனடா நாடு முழுவதும் தேடி, குறைந்தது ஒருவருக்காவது எம்.எஸ். உள்ள 370 இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து, 2003-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கும் வந்திருந்தது நூற்றுக்கு 25 பேருக்கு. இருகரு இரட்டையரில் அது 5 பேர். தனித்தனியாகப் பிறந்த உடன்பிறப்புகளில் ஏறத்தாழ 3 பேர். ஒருகரு இரட்டையருக்கும் மற்றவர்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய இடைவெளி இருப்பது மரபணுவுக்குப் பங்குண்டு என்பதற்குச் சான்று. அதே வேளையில், மரபணுக்கள் அனைத்தும் ஒன்றாகவே இருந்தும் நான்கில் மூன்று பேருக்கு நோய் வராமல் போனதே, அந்தப் பங்குக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கும் சான்று. ஒருவர் நோயாளியாகவும் மற்றவர் நலமாகவும் இருந்த ஒருகரு இரட்டையரின் மரபுத்தொகுதியை 2010-இல் எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டபோதும், அந்த வேறுபாட்டை விளக்கும் மாற்றம் எதுவும் அகப்படவில்லை.

ஒரே வீட்டில் புழங்குவதால் ஒட்டிக்கொள்ளுமோ என்று தயங்குகிறவர்களும் உண்டு. அதற்கும் கனடாவிலிருந்தே விடை இருக்கிறது. எம்.எஸ். நோயாளிகளோடு ஒரே கூரையின் கீழ் வளர்ந்த தத்துப்பிள்ளைகளையும், தத்துப்பிள்ளைகளாக வந்து பின்னாளில் நோயுற்றவர்களின் வளர்ப்புக் குடும்பத்தாரையும் 1995-இல் ஆராய்ந்தார்கள். ரத்த உறவில்லாத அவர்களுக்கு நோய் வரும் அளவு பொதுமக்களுக்கு இருக்கும் அளவைவிடக் கூடவில்லை.

ஆகவே, “அக்காவுக்கு இருப்பதால் தங்கைக்குப் பொதுமக்களைவிட வாய்ப்பு சற்றுக் கூடுதல், ஆனால் எம்.எஸ். மிகுதியாக உள்ள கனடாவிலேயே உடன்பிறந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு வருவதில்லை” என்று நேராகவே சொல்லலாம். இந்தியாவில் இந்நோய் பொதுவாகவே அரிது; மங்களூரு நகரில் எடுத்த கணக்கெடுப்பில் லட்சம் பேருக்கு எட்டுப் பேர் என்ற அளவில்தான் இருந்தது. மறைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், மிகைப்படுத்திச் சொல்வதையும் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்களுக்கு எந்தத் தொல்லையும் இல்லாதபோது எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை. மூளையின் படத்தில் காரணமே தெரியாத வெள்ளைப் புள்ளிகள் பலருக்கும் தென்படும். அவற்றைக் கண்டுவிட்டு, நோயும் இல்லாமல் நிம்மதியும் இல்லாமல் அலைகிறவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்குதல், உடலின் ஒரு பகுதியில் மரத்துப்போதல் அல்லது வலுக்குறைதல், இரட்டையாகத் தெரிதல் ஆகியவற்றில் ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் தாமதிக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் செல்லுங்கள். அப்போது அக்காவின் நோயை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எச்சில் மாதிரியைத் தபாலில் அனுப்பினால் எந்த நோய் வரும் என்று சொல்லும் நிறுவனங்கள் இருக்கின்றனவே, அதில் எம்.எஸ். தெரியுமா?
— வாசகர், ஓசூர்

தெரியாது. இந்நோயைக் கண்டறியும் மரபணுப் பரிசோதனை என்று ஒன்று இல்லை. அறிகுறிகள், நரம்பியல் சோதனை, எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்கிறோம். நூற்றுக்கணக்கான சிறிய மாறுபாடுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை ஆய்வுக்கூடத்தில் உண்டு. ஆனால் அது ஒரு பெருங்கூட்டத்தில் யார் யாருக்கு வாய்ப்பு மிகுதி என்று பிரித்துக் காட்டப் பயன்படுமே தவிர, தனி ஒருவரின் வருங்காலத்தைச் சொல்லாது. போதாக்குறைக்கு, அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளை வைத்துக் கட்டப்பட்டவை. நமக்கு அப்படியே பொருந்தும் என்று எதிர்பார்க்க முடியாது. பணத்தை மிச்சப்படுத்துங்கள்.

மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் கற்பிக்கிறேன். எம்.எஸ். நோய்க்கு எச்.எல்.ஏ. மரபணு காரணம் என்று படித்தேன். ஆனால் அதே மரபணு நலமாக இருப்பவர்களிடமும் இருக்கிறது என்கிறார்கள். அப்படியானால் அதைக் காரணம் என்று எப்படிச் சொல்வது?
— முதுகலை ஆசிரியர், கும்பகோணம்

மாணவர்களுக்குச் சொல்வதானால் சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சையிலிருந்து தொடங்குங்கள். தானம் தருபவருக்கும் பெறுபவருக்கும் எச்.எல்.ஏ. பொருத்தம் பார்ப்பார்கள் என்பது பலருக்கும் தெரியும். ஆறாவது குரோமோசோமின் குட்டைக் கரத்தில் நெருக்கமாக அமைந்த இந்த மரபணுக்கள், செல்லின் மேற்பரப்பில் ஒரு சிறிய தட்டுப் போன்ற புரதத்தை உருவாக்குகின்றன. வெளியிலிருந்து வந்த கிருமியின் துணுக்கையோ, உடலின் சொந்தப் புரதத்தின் துணுக்கையோ அந்தத் தட்டில் ஏந்தி, டி-செல் என்னும் வெள்ளையணுவிடம் ‘இதைப் பார்’ என்று நீட்டுவதே அதன் வேலை. தட்டின் வடிவம் ஆளுக்கு ஆள் மாறும். எந்தத் துணுக்கு எவ்வளவு உறுதியாக அதில் பொருந்தும் என்பதும் அதனால் மாறும்.

எம்.எஸ். நோயாளிகளிடம் சில எச்.எல்.ஏ. வகைகள் மிகுந்து காணப்படுவது 1972-லேயே தெரியவந்தது. பின்னர் தேடலைக் குறுக்கிக்கொண்டே வந்து டி.ஆர்.பி.1*15:01 என்ற வடிவத்தில் நிறுத்தினார்கள். அதன் ஒரு படி (நகல்) உள்ளவருக்கு, இல்லாதவரைவிட நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு இன்னும் கூடுதல். இதற்கு எதிர்த்திசையில் இயங்கும் ஒரு வடிவமும் உண்டு: ஏ*02:01 இருப்பவர்களுக்கு வாய்ப்பு ஓரளவு குறைகிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்களிலேயே ஒன்று ஏற்றிவிடுவதும் மற்றொன்று இறக்கிவிடுவதுமாக இருப்பதை மாணவர்கள் சுவையோடு கேட்பார்கள்.

இப்போது உங்கள் ஐயத்துக்கு வருகிறேன். வட ஐரோப்பாவில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் இந்த 15:01 வடிவம் இருக்கிறது, ஆனால் நோய் இருப்பதோ ஆயிரத்தில் ஒருவர், இருவரிடம். நோயாளிகளிலும் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களிடமே அது உள்ளது. ஆகவே அது நோய்க்குத் தேவையானதும் அன்று, போதுமானதும் அன்று. ‘காரணம்’ என்பதைவிட ‘இடர்க்காரணி’ என்று எழுதிப்போடுவதே கரும்பலகைக்கு நேர்மையானது.

மற்ற மரபணுக்களின் கதை இன்னும் தாமதமாகத் தொடங்கியது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்த சர்வதேச எம்.எஸ். மரபியல் கூட்டமைப்பு 2007-இல் எதிர்ப்புச் செல்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் இண்டர்லூக்கின்-2, இண்டர்லூக்கின்-7 ஆகியவற்றின் ஏற்பிகளுக்கான (செய்தியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களுக்கான) இரு மரபணுக்களை முதலில் பிடித்தது. 2019-இல் அதே கூட்டமைப்பு 47,429 நோயாளிகளையும் 68,374 நலமானவர்களையும் ஒப்பிட்டு, 233 மரபு மாறுபாடுகளைப் பட்டியலிட்டது: எச்.எல்.ஏ. பகுதியில் 32, எக்ஸ் குரோமோசோமில் ஒன்று, மற்ற இடங்களில் 200. தனித்தனியாக எடுத்தால் அவற்றுள் பெரும்பாலானவை வாய்ப்பை நூற்றுக்குப் பத்து, இருபது என்ற அளவிலேயே கூட்டுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்தாலும் மரபுவழியாக வரும் பங்கில் ஏறத்தாழ பாதியைத்தான் விளக்க முடிகிறது. ஆனால் அந்தப் பட்டியல் எதைச் சுட்டுகிறது என்பதே முக்கியம். அதில் மயலினைத் தயாரிக்கும் மரபணுக்கள் முன்னிற்கவில்லை. டி-செல், எதிர்ப்பொருளை உருவாக்கும் பி-செல், மூளைக்குள் காவல் காக்கும் மைக்ரோகிளியா ஆகிய எதிர்ப்புச் செல்களில் வேலை செய்பவையே முன்னிற்கின்றன. நரம்பு பழுதாகப் பிறந்ததால் வரும் நோய் அன்று இது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

ஓர் எடுத்துக்காட்டை மட்டும் விரித்துச் சொல்கிறேன், அதில் ஒரு நடைமுறைப் பயனும் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் நல்ல பலன் தருகின்றன. எம்.எஸ். நோயிலும் அழற்சி உண்டு என்பதால், அவ்வகை மருந்தான லெனர்செப்டை எம்.எஸ். நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1999-இல் வெளியான முடிவு அதிர்ச்சியளித்தது: மருந்து பெற்றவர்களுக்கு நோய் மீண்டும் தாக்குவது கூடியிருந்தது. ஏன் என்பதற்கு விடை 2012-இல் மரபணுவிலிருந்து வந்தது. எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும் மாறுபாடுகளுள் ஒன்று, டி.என்.எஃப். ஏற்பியின் ஒரு துண்டைச் செல்லின் மேற்பரப்பில் ஒட்டாமல் கரைந்து திரியும்படி செய்கிறது. திரியும் அந்தத் துண்டு டி.என்.எஃப்.-ஐப் பிடித்து முடக்குகிறது. சுருங்கச் சொன்னால், அந்த மருந்து செய்வதை இந்த மரபு மாறுபாடு பிறவியிலிருந்தே சிறிய அளவில் செய்துகொண்டிருக்கிறது. எம்.எஸ். உள்ளவர்களும், உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ எம்.எஸ். இருப்பவர்களும், மூட்டு நோய்க்கோ குடல் அழற்சிக்கோ இந்த வகை ஊசியைத் தொடங்குமுன் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

நானும் என் மாமன் மகனும் திருமணம் செய்துகொண்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு எனக்கு எம்.எஸ். என்றார்கள். சொந்தத்தில் கட்டியதால்தான் வந்தது என்று மாமியார் சொல்கிறார். ஒரு பிள்ளை இருக்கிறான், இன்னொன்று பெற்றுக்கொள்ளலாமா?
— வாசகி, மதுரை

உங்களுக்கு நோய் வந்ததற்கும் நீங்கள் யாரை மணந்தீர்கள் என்பதற்கும் எந்தத் தொடர்பும் இருக்க முடியாது. உங்கள் மரபணுக்கள் நீங்கள் பிறக்கும்போதே முடிவாகிவிட்டவை. உங்கள் தாய் தந்தையர் உறவுக்காரர்களா என்பது வேண்டுமானால் கேட்கத்தக்க கேள்வி. உறவுத் திருமணம் கூட்டுவது முதன்மையாக ஒற்றை மரபணுவின் இரு படிகளும் பழுதானால் வரும் நோய்களை. எம்.எஸ். அவ்வாறு வருவதில்லை என்றாலும், பொது முன்னோரிடமிருந்து வந்த சிறு மாறுபாடுகள் இரு பக்கத்திலிருந்தும் ஒரு பிள்ளையிடம் சேரக்கூடும் என்பதால், தொடர்பே இல்லை என்று கை உதறிவிடவும் மாட்டேன்.

இங்கே ஒன்றை வற்புறுத்த வேண்டியிருக்கிறது. உறவுத் திருமணக் குடும்பத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு எம்.எஸ். போன்ற நோய் தெரிந்தால், நான் முதலில் நோயின் பெயரையே ஐயப்படுவேன். மூளையின் வெண்பகுதியைச் சிதைக்கும் லியூக்கோடிஸ்ட்ரோபி வகைகள் சில, எம்.ஆர்.ஐ.யில் எம்.எஸ். போலவே ஏமாற்றும், அவை உண்மையிலேயே ஒற்றை மரபணு நோய்கள், அவற்றுக்கு மரபணுப் பரிசோதனை பயன்படும். கண்ணையும் தண்டுவடத்தையும் கடுமையாகத் தாக்கும் என்.எம்.ஓ. என்னும் நோயும் முன்பு எம்.எஸ். கணக்கிலேயே எழுதப்பட்டுவந்தது; அதற்குரிய அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் 2004-இல் கண்டறியப்பட்ட பிறகுதான் ரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடிந்தது. அதற்கான சிகிச்சையும் வேறு. உங்கள் மருத்துவர் இவற்றை விலக்கிவிட்டாரா என்று கேளுங்கள்.

அடுத்த பிள்ளையைப் பற்றி: தாய்க்கு எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் எப்போதாவது வரும் வாய்ப்பு, நோய் மிகுந்த மேலை நாடுகளிலேயே நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற அளவில்தான் இருக்கிறது. இதற்காகக் கருவைத் தவிர்க்கச் சொல்லும் வழக்கம் மருத்துவத்தில் இல்லை. கருவுற்ற கடைசி மூன்று மாதங்களில் நோயின் தாக்குதல் குறைவதும், பிரசவத்துக்குப் பிந்தைய மூன்று மாதங்களில் கூடுவதும் 1998-இல் ஐரோப்பிய ஆய்வொன்றில் நிறுவப்பட்டது. திட்டமிட வேண்டியது மருந்தைத்தான். ஃபிங்கோலிமோட், டெரிஃப்ளுனோமைட் போன்ற மாத்திரைகளைக் கருத்தரிக்குமுன் நிறுத்தியாக வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வணக்கம் டொக்டர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து 1990களில் கனடா வந்தவர்கள். ஊரில் இப்படி ஒரு வருத்தத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. இங்கே தெரிந்த தமிழ்ப் பிள்ளை ஒன்றுக்கு 22 வயதில் வந்திருக்கிறது. மரபணு எங்கள் மரபணுதானே, நாடு மாறினால் நோய் ஏன் மாறுகிறது? விற்றமின் டி கொடுக்கலாமா?
— வாசகர், ரொறன்ரோ

உங்கள் கேள்வியே பாதி விடையாக இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டம், ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் ஆகிய இடங்களிலிருந்து பிரிட்டனில் குடியேறியவர்களிடம் எம்.எஸ். அரிதாக இருந்தது. ஆனால் அங்கேயே பிறந்த அவர்களுடைய பிள்ளைகளிடம் நோய் பிரிட்டன் மக்களின் அளவை நெருங்குவதை 1990-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே சமயம் மரபணு முற்றிலும் ஒதுங்கிவிடுவதில்லை. கிழக்கு லண்டனில் அண்மையில் எடுத்த கணக்கில் வெள்ளையரில் லட்சத்துக்கு 180 பேருக்கும், தெற்காசியரில் 29 பேருக்கும் எம்.எஸ். இருந்தது. 29 என்பது வெள்ளையரின் அளவில் ஆறில் ஒரு பங்கு. மங்களூருவின் எட்டோடு ஒப்பிட்டால் மூன்று மடங்குக்கும் மேல். மரபும் மண்ணும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வைத்துக்கொள்கின்றன. ஸ்காட்லாந்தின் ஓர்க்னி தீவுகளில் லட்சத்துக்கு 402 பேர் என்ற கணக்கைப் பார்த்தால், வடக்கத்திய மரபும் வெயில் குறைந்த வானமும் ஓரிடத்தில் சேர்வதன் விளைவு புரியும். இதற்கு மறுபுறம், பாரசீகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்களாய், மும்பையின் வெயிலிலேயே பல தலைமுறைகளாக வாழும் பார்சிகளிடம் நோய் மற்ற இந்தியரைவிட மிகுதி. அங்கே மரபின் கை ஓங்கியிருக்கிறது.

மண்ணின் பங்கில் முதலிடம் ஒரு வைரஸுக்கு. அமெரிக்கப் படையில் பணியாற்றிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட இளைஞர்களின் சேமித்த ரத்த மாதிரிகளிலிருந்து தொடங்கிய ஆய்வு 2022-இல் வெளியானது. எம்.எஸ். வந்து, ரத்த மாதிரியும் கிடைத்த 801 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் நோய்க்கு முன்பே எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றியிருந்தது. தொற்றுக்குப் பிறகு எம்.எஸ். வாய்ப்பு 32 மடங்கு கூடியது. நம் ஊர்களில் இந்த வைரஸ் பால்குடி வயதிலும் தவழும் வயதிலுமே எச்சில் வழியாக வந்து, சளிக் காய்ச்சல் போல அடையாளம் தெரியாமல் போய்விடும். மேலை நாடுகளில் பலருக்கு அது பதின்பருவத்தில் சுரப்பிக் காய்ச்சலாக வருகிறது, அப்படி வந்தவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு இன்னும் கூடுகிறது. உலகப் பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமப்பவர்கள்தான் என்பதால், தொற்றியிருக்கிறதே என்று அஞ்ச வேண்டியதில்லை. தொற்றியவர்களில் யாருடைய உடல் தவறிப்போகிறது என்பதைத் தீர்மானிப்பதில்தான், முன்பு சொன்ன எச்.எல்.ஏ. தட்டு உள்ளே வருகிறது. இந்த வைரஸின் ஈ.பி.என்.ஏ.1 என்ற புரதத்தின் ஒரு பகுதி, மூளைச் செல்களில் உள்ள கிளியல்கேம் புரதத்தை ஒத்திருப்பதும், வைரஸுக்காக உருவான எதிர்ப்பொருள் சிலரிடம் இரண்டையும் தாக்குவதும் அதே 2022-இல் காட்டப்பட்டது.

வைட்டமின் டி பற்றி: ரத்தத்தில் அதன் அளவைப் பிறவியிலேயே குறைத்துவைக்கும் மரபு மாறுபாடுகள் கொண்டவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு கூடுதல் என்பது 2015-இல் தெரிந்தது. உணவுப் பழக்கம், வெளியே நடமாட்டம் ஆகியவை குழப்பாத சான்று என்பதால் அதற்கு மதிப்பு மிகுதி. கனடாவின் குளிர்காலத்தில், நம்முடைய தோல் நிறத்துக்கு, குறைபாடு எளிதில் ஏற்படும். குடும்ப மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். கூடுதலாகக் கொடுத்தால் கூடுதல் காப்பு என்று எண்ணி அள்ளிக் கொடுக்காதீர்கள், ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும்.

தீமை செய்யும் மரபணு என்றால் இயற்கைத் தேர்வு அதை எப்போதோ கழித்திருக்க வேண்டாமா?
— ஓய்வுபெற்ற அஞ்சல் அலுவலர், கோயம்புத்தூர்

எம்.எஸ். பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் தொடங்குவதாலும், அரிதாக இருப்பதாலும், அந்த நோய் மட்டும் ஒரு மரபணுவைக் கழித்துவிடாது. அதைவிடச் சுவையான விடை 2024 ஜனவரியில் வெளியானது. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் அகழ்ந்தெடுத்த தொன்மையான எலும்புகள், பற்களிலிருந்து பிரித்த மரபணுக்களை இன்றைய பிரிட்டன் மக்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டார்கள். எம்.எஸ். வாய்ப்பைக் கூட்டும் மாறுபாடுகள், 15:01 உட்பட, கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் வடக்கே உள்ள புல்வெளிகளில் ஆடுமாடு மேய்த்துவந்த யாம்னயா மக்களிடம் பெருகி, ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன் அவர்கள் மேற்கே பெயர்ந்தபோது வடமேற்கு ஐரோப்பாவுக்குச் சென்று சேர்ந்தன என்பது தெரிந்தது. மந்தையோடு மந்தையாக வாழ்ந்தவர்களுக்கு விலங்குகளிடமிருந்து தொற்றும் நோய்கள் ஏராளம். அவற்றிலிருந்து அந்த மரபணுக்கள் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வட ஐரோப்பாவில் எம்.எஸ். மிகுதியாகவும் தென் ஐரோப்பாவில் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணமாகிறது.

தென் ஐரோப்பாவிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இத்தாலியின் சார்டினியா தீவில் நோய் மிகுதி, ஆனால் அங்கே முன்னிற்கும் எச்.எல்.ஏ. வடிவங்கள் வேறு. அந்தத் தீவு மக்களிடம் பி-செல்களை ஊட்டி வளர்க்கும் பாஃப் என்ற புரதத்தைக் கூட்டும் மாறுபாடு ஒன்று 2017-இல் கண்டறியப்பட்டது. நூற்றாண்டுகளாக மலேரியா ஆட்டிப்படைத்த தீவு அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே ஒழிக்கப்பட்டது. மலேரியாவை எதிர்க்க உதவியதால் அந்த மாறுபாடு நிலைத்தது என்று கருதுகிறார்கள். நம் கொங்கு நாட்டுக் காங்கேயம் மந்தைகளையும் இதோடு முடிச்சுப் போட்டு யாரும் கட்டுரை எழுதிவிடாதிருக்க வேண்டும். இந்தக் கதை அந்தந்த மண்ணுக்கு மட்டும் உரியது.

அப்பாவுக்கு எம்.எஸ். எனக்கு 24 வயது. ஒரு நாளைக்கு ஐந்தாறு சிகரெட். அப்பாவிடமிருந்து வந்த ஜீனை மாற்ற முடியாது, அப்புறம் சிகரெட்டை விட்டு என்ன ஆகப்போகிறது?
— வாசகர், திருப்பூர்

உங்களைப் போன்றவருக்குத்தான் அதிகம் ஆகப்போகிறது. ஸ்வீடனில் 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, முன்பு சொன்ன டி.ஆர்.பி.1*15 வகை இருந்து, காக்கும் ஏ*02 வகை இல்லாத இரட்டை இடர் மரபினரைத் தனியாக எடுத்துப் பார்த்தது. அவர்களில் புகைக்காதவர்களுக்கு எம்.எஸ். வாய்ப்பு, இந்த மரபு இடர்கள் இல்லாமல் புகைக்கவும் செய்யாதவர்களைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு. அதே மரபோடு புகைத்தவர்களுக்கு 13 மடங்குக்கு மேல். மரபு இடர் எதுவும் இல்லாமல் புகைத்தவர்களுக்கோ ஒன்றரை மடங்குகூட இல்லை. இரண்டும் தனித்தனியாகக் கூடுவதில்லை, ஒன்றையொன்று ஏற்றிவிடுகின்றன. வாயில் அடக்கும் புகையிலையில் இந்த விளைவு காணப்படாததால், நிகோட்டினைவிட, நுரையீரலில் புகை மூட்டும் அழற்சியே குற்றவாளி என்று கருதப்படுகிறது. உடனே வாயில் அடக்கும் பொட்டலத்துக்கு மாறிவிடாதீர்கள். வாய்ப் புற்றுநோய்க்கு எம்.எஸ். ஜீன் தேவையில்லை.

என் தோழிக்கும் எனக்கும் ஒரே ஆண்டில் எம்.எஸ். என்று தெரிந்தது. அவள் வேலைக்குப் போய்வருகிறாள். நான் ஊன்றுகோலோடு நடக்கிறேன். இந்த வேறுபாடும் மரபணுவில் எழுதியிருக்கிறதா?
— வாசகி, சென்னை

சிறிதளவு. நோயை வரவழைக்கும் மரபணுக்களும், வந்த நோயின் கடுமையைத் தீர்மானிப்பவையும் ஒன்றல்ல என்பதே இங்கு முதலில் அறிய வேண்டியது. 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வில், கடுமையோடு தொடர்புடைய மாறுபாடு ஒன்று முதன்முறையாகக் கிடைத்தது. அதை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு, பெறாதவர்களைவிடச் சராசரியாக 3.7 ஆண்டுகள் முன்னதாகவே ஊன்றுகோல் தேவைப்பட்டது. அந்த மாறுபாட்டுக்கு அருகில் இருக்கும் மரபணுக்கள் எதிர்ப்பு மண்டலத்தைவிட, மூளையும் நரம்புச் செல்களும் சேதத்தைத் தாங்கும் திறனோடு தொடர்புடையவையாகத் தெரிகின்றன. இன்று நம் கையில் உள்ள மருந்துகள் ஏறத்தாழ அனைத்தும் எதிர்ப்பு மண்டலத்தை அடக்குபவை என்பதால், மருந்து தேடுபவர்களுக்கு இது புதிய கதவு. அதே ஆய்வில் புகைப்பழக்கம் கடுமையைக் கூட்டுவதும், நீண்ட காலக் கல்வி அதைக் குறைப்பதும் தெரிந்தன.

உங்களுக்கும் தோழிக்கும் உள்ள இடைவெளியில் இதன் பங்கு எவ்வளவு என்று தனி நபரைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாக்குதல் தண்டுவடத்தில் விழுந்ததா மூளையில் விழுந்ததா, மருந்து எத்தனை மாதம் தாமதித்துத் தொடங்கியது, எந்த மருந்து என்பவை அதைவிட வெளிப்படையான காரணங்கள். கடைசியாக எம்.ஆர்.ஐ. எடுத்து ஓராண்டு கடந்திருந்தால், புதிய தழும்புகள் உள்ளனவா என்று பார்த்து, இப்போதைய மருந்து போதுமா என்பதை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.